மூணு மில்லியா, ஆறு மில்லியா

என் இட்லிப் பானையில் பிளைவுட் துண்டு ஒன்று வெந்துகொண்டிருந்தது. பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

"ஏங்க, திங்கிற பாத்திரத்துல பலகையையா வேகவைப்பீங்க?"

"ஒட்டு விடுதான்னு பாக்குறேன். நம்ம ஊர்ல கொதிதண்ணில போட்டுப் பாத்துத்தானே வாங்குவோம்" என்றார் என் வீட்டுக்காரர், இடுக்கியால் அதைப் புரட்டியபடி.

மழை எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கிற ஷார்ஜாவில் இப்படி ஒரு சோதனை. எல்லாம் ஒரு கூண்டு வண்டிக் கூரைக்காக. குளிர்காலத்தில் அரபிக் குடும்பங்கள் பாலைவனத்தில் போய்த் தங்குவதைப் பார்த்து இவருக்கும் ஆசை வந்திருந்தது. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லரின் பழைய அடிச்சட்டம் ஒன்றை வாங்கி, முவைலாவில் எங்கள் பில்டிங்குக்குப் பின்னாடி இருந்த மணல் மனையில் போட்டு, லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் சுற்றிலும் பலகை அடைத்தார். கூரைதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத்தான் துபாயில் கட்டடமெல்லாம் பாதியில் நின்றது. சைட் இஞ்சினியரான இவருக்கும் வேலை இல்லையென்று கம்பெனி லெட்டர் கொடுத்துவிட்டது. விசாவை மார்ச் வரை விட்டுவைக்கிறோம், கம்பெனி ஃபிளாட்டை மட்டும் ஜனவரியோடு காலி பண்ணுங்கள் என்றார்கள். மகளுக்கு மார்ச்சில்தான் பத்தாம் வகுப்புப் பரீட்சை. எழுதாமல் ஊருக்குப் போனால் ஒரு வருஷம் போச்சு. வேறு வீடு பார்க்கலாமென்றால் வருஷ வாடகைக்கு முன்கூட்டியே செக் கொடுக்கவேண்டும். வேலை போனவன் செக்கை எவன் வாங்குவான்?

எனக்குத் தூக்கமே இல்லை. இவரோ தினமும் பிளைவுட் கடைக்குப் போய்வந்தார். ஒருநாள் நானும் கூடவே கிளம்பினேன்.

கடைக்காரர் ஒரு பாகிஸ்தானிப் பட்டாணியர். மூணு மில்லிமீட்டர் பிளைவுட் தகட்டை இரண்டு கையாலும் வளைத்துக் காட்டி, "ஹல்கா ஹை, அச்சா ஹை பாய்" என்றார், லேசானது, நல்லது என்று. அது அப்பளம் மாதிரி வளைந்தது. இவர் அதைத் தட்டிப் பார்த்தார், ஆறு மில்லியையும் தட்டிப் பார்த்தார், மறுபடி மூணுக்கே வந்தார்.

"இதுன்னா நம்ம சின்னக் கார் இழுத்துரும். ஆனா வெயில்ல தொய்யும். ஆறுன்னா தொய்யாது, கனம் ஜாஸ்தி."

அவ்வளவுதான், கடையென்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். "அட, போங்க! புள்ள படிப்பு நடுத்தெருவுல நிக்குது, உங்களுக்குப் பிக்னிக் வண்டி கேக்குதோ? நாலு பேருகிட்டப் போயி ஒரு ரூம் கேக்க வாய் வரல?"

தகட்டை மெதுவாகச் சுவரில் சாய்த்தார்.

"கேட்டேன். ஒருத்தர் விடாமக் கேட்டேன். அவனவனே மூட்டை கட்டிட்டு இருக்கான், நமக்கு எங்க இடம் குடுப்பான்?" ஆறு மில்லியை மறுபடி ஒருதரம் தட்டினார். பிறகு, "பிப்ரவரில எப்படியும் ரெண்டு நாள் மழை அடிக்கும். புள்ள புஸ்தகம் நனையக்கூடாதுல்ல" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அங்கிருந்த பலகை அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் மூன்று பேரும் பரீட்சை முடிகிறவரை அந்தக் கூண்டுக்குள்! கக்கூஸுக்கு எங்கே போவது? கரண்டுக்கு? முனிசிபாலிட்டிக்காரன் ஒருநாளாவது விடுவானா? முப்பது மாடிக் கட்டடம் எழுப்பிய மனுஷருக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். வேறு எதுவும் கைவசம் இல்லாமல்தான் பலகையைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். அவரைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை.

"நீயே சொல்லு" என்றார். எதிலும் என்னைக் கேட்டுச் செய்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. "மூணா, ஆறா? ஆறு போட்டா கார் இழுக்காது."

"இழுத்துக்கிட்டு எங்கங்க போகப்போறோம்?" என்றேன். "ஆறே எடுங்க."