ஊற்றோடு வாங்கிய நிலம்

நாங்கள் வாங்கிய நிலத்தில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்குக்கூடச் சமமான இடம் கிடையாது. ஆனால் ஊற்று இருந்தது. அந்த ஊற்றை நம்பித்தான் என் கணவர், தொழிற்சாலையில் ஒரு ஆயுள் முழுக்க உழைத்து வாங்கிய ஓய்வுப் பணத்தைக் குன்னூருக்குக் கீழே ஒரு மலைச்சரிவில் கொண்டுபோய்ப் போட்டார்.

அவர் பாதுகாப்புத் துறையின் தொழிற்சாலை ஒன்றில் சிவிலியன் ஊழியர். குவார்ட்டர்ஸில் இருந்தவரை எங்களுக்கு வீட்டுக் கவலை இல்லை. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் கோயமுத்தூரிலும் மேட்டுப்பாளையத்திலும் மனை வாங்கிப் போட்டார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். கொஞ்சம் பேங்கில், கொஞ்சம் நகையில், மிச்சத்தில் சமதரையில் சின்னதாக ஒரு வீடு. உலகத்தில் யாரும் கேட்காததையா கேட்டேன்?

அவர் தாராபுரம் பக்கத்துக்காரர். சின்ன வயதில் ஊரே காய்ந்து, கிணற்றுக்குள் இறங்கி அடிமண்ணைச் சுரண்டிச் சொம்பில் தண்ணீர் எடுத்தவர். வீட்டு மாடுகளைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல் மாறிவிடும். அந்தப் பயம் அவர் உடம்பில் எங்கேயோ இருந்துகொண்டே இருந்தது. அதைக் கிளறிவிட்டது ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக மூடிக்கொண்டு ஓடிய காலம். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா வட்டிக்கு ஆசைப்பட்டு இருந்ததை எல்லாம் ஒரு கம்பெனியில் போட்டிருந்தார். ஒரு நாள் காலையில் ஷட்டர் திறக்கவில்லை. அந்த அம்மா பூட்டைப் பிடித்துக்கொண்டு அழுததை என் கணவர் நேரில் பார்த்துவிட்டு வந்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு பேப்பரை எடுத்தால் கெட்ட செய்தியை மட்டும்தான் படிப்பார். நாட்டுக்குக் கடன் ஏறிவிட்டது, எண்ணெய் தீரப்போகிறது, அணையில் தண்ணீர் இல்லை. ஏதோ அவருக்கு மட்டும் முன்கூட்டியே தகவல் வந்தது போலச் சொல்லுவார்.

"ஏனுங்க, இருக்கற காசு பூராவையும் அந்தப் பள்ளத்துல கொண்டுபோயிக் கொட்டறீங்களே, ஒரு அவசரத்துக்கு என்ன பண்ணுவீங்க?" என்று சண்டை போட்டேன்.

"பேங்க்காரனும் ஒரு நாளைக்கு ஷட்டரை எறக்கிப்போட்டான்னா? தங்கத்தை ஒரசிக் குடிப்பியா நீ? தண்ணி இருந்தாப் போதும் புள்ள. ரெண்டு கெழங்கு போட்டாவது பொழைச்சுக்கலாம்."

மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். எனக்கே சலித்துப்போய்ப் பேசிவிட்டேன். நிலம் முடிந்தது.

ஊற்று நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கமாட்டேன். பாறைக்கு அடியிலிருந்து விரல் தடிமனுக்கு, சித்திரை மாதத்திலும் நிற்காமல் வந்தது. அதைப் பிடித்துவைக்க அவர் சரிவை வெட்டி, பாறைக்கு முன்னால் பெரிய சிமெண்ட் தொட்டி கட்டினார். வெட்டிய மண் சுவர் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. அதற்கு மேலே படி ஏறிப் போனால் இரண்டு அறையும் தகரக் கூரையுமாக வீடு. ஒரு அறையில் நாங்கள், இன்னொரு அறையில் பஞ்சம் வந்தால் தின்பதற்கான சாமான்கள். அரிசி மூட்டை, பருப்பு டின், உப்பு, தீப்பெட்டி, கேன் கேனாக மண்ணெண்ணெய். குன்னூர் மூடுபனிக்கு அவருடைய பஞ்சத்தைப் பற்றி என்ன தெரியும்? உப்பு கரைந்து தரையில் ஓடியது. அரிசி பூசணம் பிடித்தது. தீப்பெட்டியில் ஒரு குச்சிகூடப் பற்றவில்லை. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் வெயில் வந்த அன்று பாயில் பரப்பிக் காயவைத்து, திரும்பவும் கட்டிவைத்தார்.

எனக்கும் அந்த இடத்தில் பயம்தான், ஆனால் என் பயம் வேறு. சாயங்காலம் ஆனால் தண்ணீருக்குக் காட்டெருமைகள் வந்துவிடும். ஜன்னலைத் திறந்தால் மூச்சு விடுவது கேட்கும். தட்டைத் தட்டினால் திரும்பிப் பார்க்குமே தவிரப் போகாது. இருட்டுவதற்குள் பாத்திரம் கழுவி, கதவைச் சாத்தி உட்கார்ந்துகொள்வேன். என்னை ஏன் இங்கே கொண்டுவந்து போட்டீர்கள் என்று வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்டுவிடுவேன்.

பிறகு அவர் எதிர்பார்த்த கோடை வந்தே வந்தது. டவுனில் குழாயில் தண்ணீர் வந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. லாரி வந்தால் குடங்கள் அடித்துக்கொண்டன. எங்களுக்குக் கீழே, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகளில் இருந்த பெண்கள் குடத்தோடு மேலே ஏறி வரத் தொடங்கினார்கள். முதல் வாரம் அவர் பெருமையாக நின்று கொடுத்தார். இரண்டாவது வாரம் முள்கம்பி போட்டு, கேட் வைத்து, பூட்டுத் தொங்கவிட்டார்.

"குடிக்கற தண்ணிக்கா பூட்டு போடுவாங்க? பாவமில்லையா?" என்றேன்.

"இன்னிக்குக் கொடத்தோட வர்றாங்க. தொட்டி தீந்துபோச்சுன்னா கடப்பாரையோட வருவாங்க. நீ பார்த்ததில்ல. நான் பார்த்திருக்கேன்."

அவர் கடைவீதிக்குப் போகிற நேரம் பார்த்து நான் கேட்டைத் திறந்துவிடுவேன். திரும்பி வந்தால் பாதை ஈரமாக இருப்பது தெரியத்தானே செய்யும்? ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் விட்டுப் பார்ப்பார். ஒரு நாள் அவர் இல்லாதபோது நானே அந்தக் குச்சியை விட்டுப் பார்த்தேன். அவர் முந்தின நாள் கீறி வைத்திருந்த கோட்டைவிடத் தண்ணீர் குறைந்திருந்தது. கேட்டில் நின்றவர்களிடம், நாளைக்கு வாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அந்த மனுஷனுடைய வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டதே என்று நினைத்து நினைத்து அழுதேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்தது. சாதாரண மழையாக இல்லை. ரயில் நின்றது. மலைப்பாதையில் அங்கங்கே மண் விழுந்து பஸ் நின்றது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் இரண்டு பேரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ஊற்று கை தடிமனுக்குப் பெருகி, தொட்டி வழிந்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடியது. அவர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். வழிந்து வீணாகிறதே, இன்னொரு தொட்டி கட்டியிருக்கலாமே என்றுகூடச் சொன்னார். பிறகு தண்ணீர் கலங்கி, டீ நிறத்தில் வந்தது.

ஒரு நாள் காலையில் அவர் படியேறி உள்ளே வந்தார்.

"ஊத்து நின்னுபோச்சு."

கொட்டுகிற மழையில் ஊற்று நின்றுவிட்டது. மலையில் பிறந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட சேதி என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உள்ளே வழி அடைத்து, மலை தண்ணீரை வயிற்றில் வாங்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். ஆனால் என் கணவர் வறண்ட ஊர்க்காரர். ஊற்று நின்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். கிணறு வற்றிவிட்டது. மாட்டை விற்க வேண்டும்.

கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார்.

நான் கதவைச் சாத்தப் போனேன். கதவு நிலையில் பொருந்தவில்லை. குனிந்து பார்த்தால் வாசல் சிமெண்டில் ஒரு வெடிப்பு. விரலை விட்டேன், உள்ளே போனது. கீழே லயன் வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்கு வரும் பெண் ஒருத்தி நின்று மேலே பார்த்துக் கத்தினாள்: "அக்கா, மண்ணு எறங்குது! அண்ணனைக் கூட்டிக்கிட்டு வந்துருங்க!"

நான் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். அவர் தொட்டிக்குப் பின்னால், அந்த வெட்டிய மண் சுவருக்கும் பாறைக்கும் நடுவே நின்று, ஊற்றுக் கண்ணில் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, மேல வாங்க! ஊடு வெடிச்சுக் கெடக்குது! எல்லாரும் போயிட்டாங்க!"

"இன்னும் கொஞ்சந்தான். ஈரம் தெரியுது. நீ போ, நான் வாரேன்."

"தண்ணியா இப்ப முக்கியம்? மண்ணு எறங்குதுங்க!"

"இது போச்சுன்னா நமக்கு என்ன இருக்குது? சொல்லு. வேற என்ன இருக்குது?" அவர் அழுதுகொண்டே குத்தினார்.

சட்டையைப் பிடித்து இழுக்கலாம் என்று அவர் அருகில் போனேன். மண் சுவரிலிருந்து ஒரு கட்டி உருண்டு என் காலடியில் விழுந்தது. பிறகு சின்னச் சின்னக் கற்கள், நிற்காமல். அந்த நிமிஷம் என் கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எந்திரி. ஏ புள்ள, எந்திரி. இங்க உக்காராத."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையிலிருந்த கடப்பாரை கீழே விழுந்தது. என் அக்குளில் கையைக் கொடுத்து, தரதரவென்று இழுத்துக்கொண்டு, முள்கம்பியைத் தாண்டி எஸ்டேட் பாதைக்கு வந்தார். அந்த வயதில் அவருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பாதையில் திரும்பி, சில்வர் ஓக் மரங்களைத் தாண்டிய பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அவர் பார்த்தார். தொட்டி, வீடு, மூட்டைகள், கேட், எல்லாம் ஓடைக்குள் போயின. உயிர்ச்சேதம் இல்லை, கீழே யாரும் இருக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில், யாரோ கொடுத்த சேலையும் வேட்டியும் கட்டிக்கொண்டு, யாரோ ஆக்கிய சோற்றைத் தின்றோம்.

பென்ஷன் இருந்ததால் பிழைத்தோம். வண்டிச்சோலைப் பக்கம் ஒரு வாடகை வீடு கிடைத்தது. சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எப்படியோ அவர்கள் மத்தியில் ஒரு கதை கிளம்பியிருந்தது: நீங்கள் வந்தால்தான் நானும் வருவேன் என்று நான் அந்தப் பள்ளத்தில் பிடிவாதமாக உட்கார்ந்து அவரைக் காப்பாற்றினேனாம். என் நாத்தனார் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அவர் ஆமாம் என்று தலையாட்டினார்; அவரும் அதைத்தான் நம்பினார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்தது போலத் தயங்கினார்.

"அன்னிக்கு நான் குத்தறதை வுட்டுட்டு வந்திருக்காட்டி, நீ எந்திரிச்சுப் போயிருப்பியா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். பேங்க் மூடிவிடுமோ, தண்ணீர் தீர்ந்துவிடுமோ என்று கேட்டபோதெல்லாம் இருந்ததைவிடப் பெரிய பயம் அதில் இருந்தது.

"பின்ன? நீங்க சேத்துல நின்னு குத்திக்கிட்டிருப்பீங்க, உங்ககூட நானும் சாவணுமாக்கும்? எந்திரிச்சுப் போயிருப்பேன்."

அவர் மூச்சு விட்டார். "அது போதும். அது போதும் எனக்கு," என்று சொல்லி, முறத்திலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்து, அவரும் கல் பொறுக்க ஆரம்பித்தார்.

அவர் வந்திருக்காவிட்டால், என்னால் எழுந்திருக்க முடிந்திருக்காது.