எட்டு நாள் ஊறிய சுண்ணாம்பு

தோல் பதனிடும் டேனரியிலிருந்து என்னை நிறுத்தியபோது எனக்கு வந்த முதல் நினைப்பு, இன்னும் எத்தனை மாசம் உயிரோடு இருப்பேன் என்பதுதான். சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் நான் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் பயந்தேன். எனக்கு முன்னால், மயிர் கழலத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிகளுக்கு மேஸ்திரியாக இருந்தவர் திடகாத்திரமான மனிதர். வேலையை விட்டதும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அடுத்த ஆடிக்கு ஆள் இல்லை. ஆவாரம்பட்டை இடிக்கும் பகுதியில் இருந்த இன்னொருவர் அவ்வளவு நாள்கூடத் தாங்கவில்லை. இரண்டு சாவுக்கும் நானும் என் மனைவியும் போயிருந்தோம். "ஒரு நோவும் இல்ல, சும்மா உக்காந்துகினேதான் போய்ட்டாரு" என்று மேஸ்திரியின் மனைவி அழுதது என் காதிலேயே இருந்தது.

நான் பெரிய சண்டை நடந்த காலத்தில் ஆம்பூரில் குழிக்கு வந்தவன். பட்டாளத்து பூட்ஸுக்குத் தோல் போதவில்லை என்று வேலை ஓயாமல் நடந்த சமயம் அது. அறுபதுகளின் நடுவில் என் முழங்கால் இரண்டும் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்தன. முதலாளியின் மகன் ஒரு வேட்டியும் துண்டும் கொடுத்து, "போதும் மேஸ்திரி, இனிமே ரெஸ்ட் எடுங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, இருந்த ஒரே நாற்காலியைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

மறுநாள் விடியற்காலை டேனரிச் சங்கு ஊதியது. கால் தானாக நடந்தது. கேட் வரைக்கும் போய், உள்ளே போகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதற்கடுத்த நாளும் போனேன். வெள்ளிக்கிழமை டேனரிக்கு லீவு, சங்கு கிடையாது. அன்றைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். பகல் அவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அதனால் வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். வீட்டில் வேலைக்கா பஞ்சம்? பின்கட்டு அறையில் ஓடு ஒழுகியது. அதே அறையின் கதவு கீல் கழன்று ஆடியது. கிணற்றைச் சுற்றியிருந்த கைப்பிடிச் சுவரில் வேப்ப வேர் புகுந்து ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. மூன்றையும் ஒரே வாரத்தில் பிரித்துப் போட்டேன்.

இதில் என் கிறுக்குத்தனம் மட்டும் இல்லை, தொழிலும் இருக்கிறது. குழி வேலையில் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவது என்பது கிடையாது. ஒரு குழியில் தோல் இன்று இறங்கும். பக்கத்துக் குழியில் மூன்றாம் நாள், அதற்கடுத்ததில் எட்டாம் நாள். மேஸ்திரி எல்லாக் குழிக்கும் ஒரு சுற்று வருவான், புரட்டச் சொல்வான், விரலால் மயிரைப் பறித்துப் பார்ப்பான், நகர்வான். மீதி வேலையைச் சுண்ணாம்பு பார்த்துக்கொள்ளும். எந்தக் குழி எத்தனையாவது நாள் என்பதை நான் எழுதி வைத்ததே இல்லை. தலையில் இருக்கும். யாராவது அவசரப்படுத்தினால் "ஊறட்டும்" என்பேன். அந்த ஒரு வார்த்தையிலேயே இருபது வருஷத்துக்கு மேல் பிழைப்பு ஓடியிருக்கிறது.

அதே கணக்கில் வீட்டையும் நடத்தினேன். காலையில் ஓட்டுக்கு ஒரு சுற்று, அப்புறம் கதவு, அப்புறம் கிணறு. சுவரை மொத்தமாக இடித்துக் கல்லை ஓரமாக அடுக்கினேன். ராட்டினம் தொங்கிய இரண்டு தூணும் சுவரோடு போயின. முற்றத்தில் ஒரு குழி வெட்டிச் சுண்ணாம்பை ஊறப்போட்டேன். ஆனால் ஓடும் கதவும் கல்லும் தோல் இல்லையே. நான் அடுத்த வேலைக்கு நகர்ந்ததும் அவை அப்படியே கிடந்தன.

"இன்னாத்துக்கு எல்லாத்தையும் ஒண்ணா பிரிச்சிப் போட்டுகினு கீறீங்க? பொண்ணு வரப்போறா, மறந்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

மறப்பேனா? எங்களுக்கு ஒரே மகள். ஆலங்காயத்தில் கொடுத்திருந்தோம். முதல் பிள்ளை ஆறாம் மாசத்திலேயே கலைந்துபோனது. இது இரண்டாவது. ஒன்பதாம் மாசம் பிறந்ததும் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. பின்கட்டு அறை அவளுக்காகத்தான். அவள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் மாப்பிள்ளை சொன்ன நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டார். ஐப்பசி மழை முந்திக்கொண்டால் பஸ் ஓடாதே என்று அவருக்குப் பயம்.

சுண்ணாம்பு போட்ட மூன்றாம் நாள் கொத்தனார் வந்தார். நான் இன்னும் ஊற வேண்டும் என்றேன். அவர் சிரித்தார்.

"தோலா மேஸ்திரி ஊற வெக்கிறீங்க? செவுருக்கு மூணு நாளே ஜாஸ்தி."

"என் குழியில எட்டு நாளு. ஊறட்டும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கிணற்றைச் சுற்றி நாலு கழி நட்டுக் கயிறு கட்டினேன். சுவர் எழும்பும்வரை வேறு யாரும் கிணற்றடிக்குப் போகக் கூடாது, தண்ணீர் முழுக்க நானே சேந்திவைக்கிறேன் என்று இரண்டு பெண்களிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். அதற்குப் பிறகு என் மனைவி சுவரைப் பற்றி வாயைத் திறக்கவே இல்லை. கோபம் போல என்று நினைத்தேன். மகள்தான் ஐந்தாம் நாள் சாயங்காலம் கேட்டாள்.

"அப்பா, செவுரு எப்ப வெப்பீங்க? அந்தப் பக்கம் போனாலே தலை சுத்துது."

"ஊறட்டும்மா. இன்னும் மூணே நாளு."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆறாம் நாள் விடியும்போது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சங்கு ஊதியது. தண்ணீர் சேந்தவில்லை என்பது நினைவில் இருந்தது. வந்து சேந்திக்கொள்ளலாம் என்று நடந்தேன். இருபது வருஷப் பழக்கம் காலைப் பிடித்து இழுக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்தான். போகாமல் இருந்திருக்கவும் முடியும். கேட்டில் பழைய ஆள் ஒருவர் பிடித்துக்கொள்ள, பேச்சு நீண்டது. திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. மனைவி பால் வாங்கப் போயிருந்தாள். மகளின் பாய் காலியாகக் கிடந்தது.

கொல்லைக்குப் போனேன். கழிகளில் ஒன்று மழையில் பெயர்ந்து, கயிற்றோடு கிணற்றுக்குள் தொங்கியது. சேற்றில் கிணற்று விளிம்பு வரை ஒரு நீளமான சறுக்கல் தடம். எட்டிப் பார்த்தேன். கீழே தண்ணீரில் எங்கள் பித்தளைக் குடம் பாதி மூழ்கி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல்தான் கிணற்றுக்குள் இருந்து திரும்பி வந்தது. இறங்கிவிடலாம் என்று குந்தப் பார்த்தேன். முழங்கால் மடங்கவில்லை. அந்தச் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்து, தலையை உள்ளே நீட்டிக் கத்தினேன். தண்ணீர் கறுப்பாக இருந்தது. குடம் இன்னொரு சுற்றுச் சுற்றி, வாய்வழியாகத் தண்ணீர் குடித்து, உள்ளே போயிற்று. எத்தனையோ சாவு பார்த்திருக்கிறேன், குழியில் விஷக்காற்றடித்து மயங்கிய ஆளைத் தூக்கியிருக்கிறேன். அன்று பட்ட பயம் எதற்கும் ஈடில்லை. இன்றைக்கும் பித்தளைக் குடம் தரையில் இடிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாள். பாயம்மா என்போம்.

"அண்ணே! கத்தாதீங்க. பொண்ணு இங்க கீது. வலி கண்டுச்சி. மருத்துவச்சிக்கு ஆள் அனுப்பிட்டேன்."

அம்மா பால் வாங்கி வருவதற்குள் காப்பிக்குத் தண்ணீர் போடலாம் என்று மகள் குடத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். தண்ணீர்த் தவலையில் ஒரு சொட்டு இல்லை. ராட்டினம் இல்லாததால் குனிந்து கையால் குடத்தை இறக்கியிருக்கிறாள். பாதிக் கயிறு இறங்கும்போதே வலி. கால் சறுக்கியதும் கயிற்றை விட்டுவிட்டு மல்லாந்து விழுந்திருக்கிறாள். அங்கிருந்து தவழ்ந்தே வேலிக்குப் போயிருக்கிறாள். முன்பக்கமாகச் சாய்ந்திருந்தால் என்ற நினைப்பை நான் முழுசாக முடித்ததே இல்லை.

அவளை எங்கள் வீட்டுக்குத் தூக்கிவர வழியில்லை. வந்தாலும் எங்கே படுக்கவைப்பது? பின்கட்டு அறையில் மழை நேராகக் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. பெற்ற வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த பெண் அடுத்த வீட்டில் கிடந்து துடித்தாள். முனகல் வேலி தாண்டிக் கேட்டது. என்னை உள்ளே விடமாட்டார்கள். கொத்தனார் வீட்டுக்கு ஓடினேன், நொண்டி ஓடினேன் என்று சொல்ல வேண்டும். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தேன். கிணற்றுக்கு மேல் ஓலைக் கீற்றைச் சாய்த்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தோம். அவர் சுண்ணாம்பை விரலில் எடுத்துத் தேய்த்தார்.

"இது மூணாம் நாளே ஆயிடுச்சே மேஸ்திரி."

எனக்கும் தெரியும். மூன்றாம் நாள் அவர் வருவதற்கு முன்பே நான் தொட்டுப் பார்த்திருந்தேன். வெண்ணெயாக இருந்தது. சுண்ணாம்பில் எனக்குத் தெரியாத பக்குவமா? சுவர் முடிந்தால் கதவு, கதவு முடிந்தால் ஓடு, ஓடும் முடிந்தால் பரணில் இருக்கும் நாற்காலி. வேலை பாதியில் கிடக்கிறவரை எனக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படியோ நம்பிவிட்டேன். என் உயிரைப் பிடித்துவைக்க என் பெண்ணின் காலடியில் கிணற்றைத் திறந்து வைத்திருந்தேன்.

மூன்றாவது வரிசைக்குக் கல் எடுத்துக் கொடுக்கும்போது குழந்தை அழுதது. கையில் இருந்த கல்லைக் காலில் போட்டுக்கொண்டேன். "ஆம்பளப் புள்ள, ரெண்டு பேரும் நல்லாகீறாங்க" என்று பாயம்மா வேலிக்கு மேலாக எட்டிச் சொன்னார். அப்படியே சேற்றில் காலை நீட்டி உட்கார்ந்து அழுதேன். கொத்தனார் பார்க்காத மாதிரி கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

சுவரும் ராட்டினத் தூண்களும் இறுகும்வரை, சங்கு ஊதினாலும் நான் வாசலைத் தாண்டவில்லை. சுவருக்குக் காவலாக நின்றேன். பிறகு ஓட்டு வேலையை மட்டும் எடுத்தேன், அதை முடித்த பிறகுதான் கதவைத் தொட்டேன். மகளும் பேரனும் பின்கட்டு அறைக்கு வந்தார்கள். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஒருநாள் காலை மனைவி புதுக் குடத்தோடு கிணற்றடிக்கு வந்தாள். குடத்தைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் சுவர்மேல் ஊன்றி, தன் முழு கனத்தையும் அதில் சாய்த்து அழுத்திப் பார்த்தாள். நான் பின்னால் கையை நீட்டியபடியே நின்றேன். சுவர் அசையவில்லை.

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: "சுண்ணாம்பு மூணாம் நாளே ஆயிடுச்சி. நான்தான் சொல்லல."

"தெரியும்" என்றாள். "நானும் அன்னிக்கே தொட்டுப் பாத்தேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

அவள் புதுச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றாள். "முடிச்சிட்டு நீங்க உக்காந்துட்டா? அந்த மேஸ்திரி மாதிரி ஆய்ட்டா? எனக்கு அந்தப் பயம்தான் இருந்துச்சி. பொண்ணு நெனப்பே வரலீங்க எனக்கு."

சொல்லி முடித்ததும் அவள் குனிந்து குடத்தை எடுத்தாள். நான் அதை வாங்கி, கயிற்றை ராட்டினத்தில் போட்டுத் தண்ணீர் சேந்தினேன்.