திறந்துவிட்ட தண்ணீர்

துபாய்க்கு வடக்கே ராசல் கைமா மலையடியில் ஒரு பேரீச்சந்தோட்டம். அதற்கு மேலே ஓடை இறங்கும் இடத்தில், என் முதலாளியின் தாத்தா காலத்து மண்ணணை. செல்போனுக்குக் கார்டு போட்டுப் பேசிய காலத்தில் அங்கே வேலைக்குப் போனேன். தோட்டத்தில் நான் ஒருத்தன்தான். முதலாளிக் கிழவர், அர்பாப் என்று கூப்பிடுவேன், வெள்ளிக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாளில் பேச ஆளில்லை. சிக்னல் கிடைப்பதும் அணைக்கரை மேல்தான்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் கண்மாய்க்கரையில் ஐயனார் இருப்பார். இங்கே கரை மட்டும் இருந்தது. ஆனாலும் தினமும் குளித்து, திருநீறு பூசி, கரையேறி மழை கேட்டுக் கும்பிடுவேன். இரண்டு வருஷமாகச் சொட்டு இல்லை. கிணறு அடிதட்டி, மரங்களில் பாதி வாடிவிட்டன.

மூன்றாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை காலை மலைமேல் இடித்துப் பெய்தது. உச்சிப்பொழுதுக்குள் செந்தண்ணீர் அணையில் முக்கால் ஏறியது. எங்கள் ஊரில் கரை தளும்பினால் முதல் வேலை மதகைத் திறப்பதுதான், இல்லாவிட்டால் கரை உடையும். ஐயனாரை வேண்டிக்கொண்டு, துருப்பிடித்த மதகுப் பலகையைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கினேன். தண்ணீர் தோட்டத்து ஓரமாக மணலுக்கு ஓடியது. கரையைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

தொழுகை முடிந்து பிக்கப் வண்டியில் வந்த அர்பாப் தலையில் கைவைத்தார். அணையில் நிற்கும் தண்ணீர் மண்ணில் இறங்கினால்தான் கிணறு ஊறுமாம். மிஞ்சினால் பக்கத்துப் பாறை வழியாகத் தானே வழியுமாம், கரைக்கு ஒன்றும் ஆகாதாம். மழையே காணாததால் இதை எனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

பலகை திரும்ப இறங்கவில்லை. இருவரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மண்மூட்டை போட்டு அடைத்தோம். கடைசியில் மிஞ்சியது முழங்கால் அளவு.

"அல்லா பானி தியா. தும் சோட் தியா," என்றார் கிழவர், எங்களுக்குள் பேசிக்கொள்ளும் உடைந்த இந்தியில். அல்லா கொடுத்தான், நீ விட்டுவிட்டாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் போனதும் கரைமேல் நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். மழை பெய்தது என்றதும் மனைவிக்குச் சந்தோஷம்.

"நெதமும் கும்புட்டீகளே, சாமி கைவிடல பாருங்க. தண்ணி நின்னுச்சா?"

"நின்னுச்சு," என்றேன்.

சித்திரை வருமுன்பே கிணறு மறுபடி அடிதட்டியது. நான் காலையில் கரையேறிக் கும்பிடுவதை விடவில்லை. மழை கேட்க மட்டும் நாக்கு எழவில்லை.