அனுமதித்தவர் கையொப்பம்

கண்ணெதிரே உட்கார்ந்திருந்த கோட்டானைப் பாறை என்று நினைத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னால் இட்லி சாப்பிட்டவன் நான். அப்போது எங்கள் காலனி இயற்கைச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். கழுத்தில் பைனாகுலர் தொங்கும். அது தொங்குவதற்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. அஸ்தினாபுரத்தில் வீடு, பீச் ஸ்டேஷன் பக்கம் ஆபீஸ். ஆறு நாள் மின்சார ரயிலில் நசுங்கிவிட்டு, ஏழாவது நாள் எட்டுப் பேர் சைக்கிளில் காட்டுக்குப் போவோம். காடு என்றதும் புலியெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். முள்ளுப் புதர், பனை, நடுவில் கைவிட்ட கல்குவாரிப் பள்ளம் ஒன்று. சுற்றிலும் வனத்துறை வேலி.

வாசலில் ஒரு வாட்சர் இருந்தார். பன்னிரண்டு வருஷமாகத் தினக்கூலி. அவரை நிரந்தரமாக்கச் சொல்லி ஒரு ஃபைல் மேலே போயிருந்தது. அது இப்போது எந்த மேஜையில் இருக்கும் என்று பார்க்கும்போதெல்லாம் என்னைக் கேட்பார். ஆபீஸில் வேலை பார்ப்பவனுக்கு எல்லா ஆபீஸும் தெரியும் என்று நம்பினார். நானும் தெரிந்த மாதிரியே, நகர்ந்துகொண்டிருக்கிறது என்பேன்.

கோட்டானைக் காட்டியவர் அவர்தான். நாலாவது ஞாயிறு, நான் சட்னிப் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சார், அந்தக் கல்லு உங்களையே பாத்துகினு கீது."

கல் கண்ணைத் திறந்தது. ஆரஞ்சு நிறக் கண். குவாரிச் சுவரில் ஒரு திண்டு, அதில் அது முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை என்றார் வாட்சர். கோட்டான் குஞ்சு என்றால் மாந்திரீகம் பண்ணுகிறவன் எவ்வளவு தூரத்திலிருந்தும் வருவானாம். சார் படித்தவர், வெளியே விட மாட்டார் என்றுதான் காட்டினாராம். விடவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். சங்கத்தில் மட்டும் சொன்னேன். சங்கம் அவரவர் மச்சானிடம் மட்டும் சொன்னது.

குஞ்சு பொரித்தபோது கூட்டமும் பொரித்திருந்தது. ரேஞ்சர் ஒருநாள் ஜீப்பில் வந்தவர், ஞாயிறு காலை பத்துப் பேர் வரை உள்ளே விடலாம் என்று வாட்சரிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எழுத்தில் எதுவும் தரவில்லை. அடுத்த வாரம் பத்து, அதற்கடுத்த வாரம் இருபது. பல்லாவரத்திலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் பிள்ளைகுட்டியோடு வந்தார்கள். டிரான்சிஸ்டர் கொண்டுவந்தார்கள். ஒருவர் கோட்டானுக்கென்று பொறை பிஸ்கட் வாங்கி வந்திருந்தார்.

சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. மக்கள் காட்டையும் பார்க்க வேண்டும், காடும் கெடக்கூடாது என்று முறுக்கு தின்றுகொண்டே அரை மணி நேரம் பேசினேன். வருகிறவர்களைத் தடுக்க வேண்டாம், முறைப்படுத்தினால் போதும் என்று தீர்மானம் நிறைவேறியது. ஐந்து ஐந்து பேராகப் போவது, பாதையை விட்டு இறங்காமல் இருப்பது, கிசுகிசுவென்று பேசுவது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஒரு வியாதி உண்டு. பால்காரர் வரும் நேரத்தைக்கூட எட்டு வருஷமாகக் கட்டம் போட்டு எழுதி வைத்திருப்பவன் நான். நீள நோட்டு ஒன்று வாங்கி, அட்டை போட்டு, சிவப்பு மையில் கோடு இழுத்தேன். பெயர், ஊர், வந்த நேரம், பார்த்த பறவை, பார்த்த இடம். கடைசியில், அனுமதித்தவர் கையொப்பம்.

வாட்சர் நோட்டைத் தொடவே யோசித்தார். "நான் இன்னாத்துக்கு சார் கையெழுத்து? பத்து பேருன்னுதான அய்யா சொன்னாரு."

"அண்ணா, பன்னெண்டு வருஷமா இங்க வேலை செய்றீங்க. அதுக்கு ஒரு காகிதம் இருக்கா? நாளைக்கு ஃபைல் விஷயமா யாராவது வந்து கேட்டா இதைத்தான் காட்டணும்."

காகிதம் எதுவும் இல்லைதான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆளுக்கும், கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். வரி தாண்டவே மாட்டார். பார்த்த இடம் என்ற கட்டத்தை நானே நிரப்பினேன். ஒற்றைப் பனையிலிருந்து வலப்பக்கம், மூன்றாவது திண்டு, குஞ்சு இரண்டு, தாய் எதிர்ப்பாறைக்குப் போகும் நேரம் இன்னது. இவ்வளவு துல்லியமாக நான் ஆபீஸில் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை.

ஒரு ஞாயிறு ரேஞ்சரே வந்தார். மனைவி, மாமியார், டிபன் கேரியர். அவ்வளவு பெரியவரைக் கட்டத்துக்குள் அடைப்பது மரியாதையாகாது என்று, அந்த இடத்தில் ஒரு வரியைக் காலியாக விட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசியாக மூன்று பேர் வந்தார்கள். நோட்டை நின்று நிதானமாகப் படித்தார்கள். இப்படிப் படிக்கிறவர்கள் கிடைப்பதே அபூர்வம் என்று எனக்குச் சந்தோஷம். மறுநாள் காலை மூன்றாவது திண்டில் ஒரு கயிறு தொங்கியது. குஞ்சுகள் இல்லை. தாய் எதிர்ப்பாறையில் இருந்ததாம், பகல் முழுக்க நகரவில்லையாம். அந்த மூவர்தானா என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் எழுதியிருந்த ஊரில் அந்தப் பெயரில் ஆள் இல்லை. பார்த்த பறவை என்ற கட்டத்தில் "நன்றி" என்று எழுதியிருந்தார்கள்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ரேஞ்சர் மேஜையில் என் நோட்டு, மேஜை ஓரமாக வாட்சர். யார் எழுத்து என்று கேட்டார். என்னுடையது என்றேன். நீட்டாக இருக்கிறது என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஒரு விநாடி மனசு குளிர்ந்தது.

பிறகு விரல் வைத்து எண்ணினார். கடைசி ஞாயிறு மட்டும் நாற்பத்தேழு பேர். நாற்பத்தேழு வரிக்கும் நேராக வாட்சரின் கையெழுத்து. யாரைக் கேட்டு உள்ளே விட்டாய் என்றார் அவரிடம்.

"அய்யா, நீங்கதான வாயால சொன்னீங்க. பத்து பேருன்னு. அப்பாலதான் கூட்டம் ஜாஸ்தியாச்சு, நீங்களே வூட்டோட வந்து பாத்தீங்க. சார் நின்னுகினு இருந்தாரு, கேளுங்க."

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, சும்மா பார்த்தார். எனக்கு என் ஆபீஸ் ஞாபகம் வந்தது. இங்கிருந்து ஒரு கடிதம் அங்கே போனால் என்ன ஆகும் என்பது ஞாபகம் வந்தது. அந்த வருஷம் எனக்குப் புரமோஷன்.

"எனக்கு சரியா ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

வாட்சர் நோட்டைத் திருப்பித் திருப்பி, ரேஞ்சர் வந்த அந்த வரியைத் தேடினார். காலியாக இருந்தது.

தினக்கூலிக்கு டிஸ்மிஸ் ஆர்டரெல்லாம் கிடையாது. நாளைக்கு வராதே என்றால் போதும். அவருடைய ஃபைல் அப்போதுதான் முதல்முறையாக வேகமாக நகர்ந்தது, கீழே. நாங்கள் குஞ்சுகளுக்கு இரங்கல் தீர்மானம் போட்டோம். வாட்சர் பேச்சை யாரும் எடுக்கவில்லை, நானும்தான். முறுக்கு அன்றைக்கும் இருந்தது. எனக்குப் புரமோஷனும் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் சைக்கிளை ஸ்டாண்டில் விடும்போது வாட்சரைப் பார்த்தேன். சைக்கிள்களை வரிசையாகச் சாய்த்துக்கொண்டிருந்தார். வேறு ஸ்டாண்ட் இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் என் ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டார். டோக்கன் கேட்டேன்.

"வேணாம். எனக்கு மூஞ்சி ஞாபகம் இருக்கும்."

நான் சும்மா போயிருக்கலாம். கோட்டான் திரும்ப அங்கே முட்டை வைத்ததா, தெரியுமா அண்ணா என்று கேட்டேன். அவர் என் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கல்லுன்னு நெனச்சிகினு இட்லி துன்ன பாரு, அப்பிடியே துன்னுட்டுப் போயிருக்கலாம் சார் நீ."