பட்டியலில் என் பெயரை எழுதிய ஞாயிறு

கதவை மூன்று தரம் தட்டும் சத்தம். எங்கே கேட்டாலும், இன்றைக்கும், ஒரு கணம் என் உள்ளங்கை ஈரமாகும்; பிறகுதான் காது அது என்னவென்று விசாரிக்கும்.

சகோதரரே, சகோதரிகளே, தொண்ணூற்றேழாம் ஆண்டு சித்திரையில் கனடாவில், மல்வேர்னில் எங்கள் எட்டாம் மாடிக் கதவை அப்படித்தான் இரண்டு பேர் தட்டினார்கள். கையில் அட்டை, பேனா. தேர்தலுக்குப் பெயர் பதிகிறோம் என்றார்கள், சிரித்த முகத்தோடு. நானும் கணவரும் குடியுரிமை எடுத்து ஒரு வருடம். இருந்தும் சங்கிலியைக் கழற்றாமலே, இங்கே கனடியர் ஒருவரும் இல்லை என்று சொல்லிச் சாத்திவிட்டேன்.

வேலையால் வந்த கணவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஆமிக்காரனுக்குச் சொல்லவேண்டிய பொய்யை உந்தப் பாவங்களுக்குச் சொல்லியிருக்கிறீர். என்ர பேரையுமெல்லோ அழிச்சுப்போட்டீர்."

நான் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில், எனக்குப் பதினேழு வயதில், வீட்டிலுள்ளவர்களின் பெயரை எழுதித்தரும்படி வாசலில் வந்து தட்டிய இராணுவத்தினர் கேட்டார்கள். கையெழுத்து அழகென்று நான்தான் எழுதினேன். அடுத்த கிழமை அதே தாளோடு வந்து அண்ணனின் பெயரை வாசித்து, அவரைக் கூட்டிப்போனார்கள். அண்ணன் திரும்பவில்லை. அதற்குப் பிறகு, அந்தச் சித்திரை வரை, நான் யார் பெயரையும் எந்தத் தாளிலும் எழுதியதில்லை. படிவங்களைக் கணவர் நிரப்புவார்; கையொப்பம் மட்டும் என்னுடையது.

சைவ வீட்டில் பிறந்த நான் அப்போது ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பினச் சனங்களின் கிறிஸ்தவ சபைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆராதனை நடக்கும் பள்ளிக்கூட மண்டபம், தொப்பி வைத்த அம்மாமார், தரையில் கூடைப்பந்துக் கோடுகள். தேர்தல் வந்தால் அங்கே ஒரு வழக்கம். ஆராதனை முடிந்து சோறு பரிமாறும் மேசைக்கு முன்னால் இன்னொரு மேசை போடுவார்கள். பெயர் விடுபட்டவர்கள் அதைத் தாண்டாமல் சாப்பாட்டுக்குப் போக முடியாது. யாருக்கு வாக்குப் போடுவதென்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். போடு என்று மட்டும் சொல்வார்கள். நான் கதவைச் சாத்திய அடுத்த ஞாயிறு மேசையில் சிஸ்டர் வில்மா, ஓய்வுபெற்ற தாதி. அவர் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"பிள்ளை, உன்ர பேரையும் மனுசன்ர பேரையும் எழுது."

பேனாவைப் பிடித்தேன். கை அசையவில்லை. பின்னால் யாரோ சோறு ஆறுகிறது என்று முனகினார்கள். கர்த்தாவே, இந்தக் கையை நான் வெறுத்து எத்தனை வருடம், இதை நீரே எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடினேன். பிறகு, ஏனோ தெரியவில்லை, அண்ணனின் கதையை மூன்றே வசனத்தில் சிஸ்டர் வில்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் பேனாவை வாங்கினார். என் வரிக்கு மேலே தன் பெயரை எழுதினார். அவருடைய பெயர் எப்போதோ பதிந்தாயிற்று.

"இப்ப நான் முதல். வாறவன் முதல்ல என்ர கதவைத்தான் தட்டவேணும். நான் அவனை லேசில விடமாட்டன்."

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குமுன் இரண்டு பெயரையும் எழுதிவிட்டேன். என் ஜெபத்தின் பதில் ஒரு வரி மேலே, கோணல் எழுத்தில் கிடந்தது.

அந்த வாரமே சபையார் எங்களைக் காரில் ஏற்றிப்போய்ப் பதிவை முடித்தார்கள். ஆனியில் வாக்களிப்பு. வாக்குச்சாவடியில் முன்பின் தெரியாத ஒருவர் என் பெயரை உரத்து வாசித்தார். "ஓம், நான்தான்" என்றேன், தமிழிலேயே. அடிமட்டக் கோல் வைத்துப் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தார், வந்துவிட்டாள் என்பதற்கு. அவ்வளவுதான். அடுத்து கணவரின் பெயர். அவரும் என்னோடு வெளியே வந்தார்.

அண்ணன் திரும்பி வரவில்லை. அந்த வலியோடுதான் ஸ்தோத்திரம் சொல்கிறேன். என் கையைத் தேவன் எனக்குத் திருப்பித் தந்தார். பயந்து பூட்டி வைத்ததை நீங்களும் அவரிடம் கொண்டுபோங்கள். பதில், பசியோடிருக்கும் ஒரு வரிசையின் நடுவிலும் வரும்.

அன்றைக்கு வாக்குச்சாவடிக்கு வெளியே சிஸ்டர் வில்மா அடுத்த ஆட்களை ஏற்றப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "கார்த்திகையில மாநகரசபைத் தேர்தலாம். மேசையில நான் இருக்கிறன், நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ" என்றேன்.

அவர் கார்க் கண்ணாடியை இறக்கினார். "நேரத்தோட வா, பிள்ளை. பேனாவும் கொண்டு வா. என்ர எல்லாத்தையும் எங்கட சபைப் பரிசுத்தவான்கள் களவெடுத்துப்போட்டினம்."