பெரீனாவின் தூசியற்ற தண்ணீர்

0.02. பெரீனா வூலெட்டிச் தன் இருபது வருட வேலையில் தயாரித்த மிகத் தெளிவான தண்ணீரின் கலங்கல் அளவு இது. சுழியம் வராது, ஒரு துகளும் இல்லாத தண்ணீர்கூட ஒளியைக் கொஞ்சம் சிதறடிக்கும். அது தெரிந்திருந்தும் கருவியில் எண் தோன்றும்போதெல்லாம் அவள் கழுத்து முன்னால் நீளும்.

டால்மேஷிய மலையடிவாரத்தில் ஒரு சிற்றூருக்குக் குடிநீர் அனுப்பும் ஆலையின் பரிசோதனைக் கூடம் அவள் பொறுப்பில் இருந்தது. ஊற்று சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருவது. மலைமேல் இடிமழை அடித்தால் மறுநாள் தண்ணீரில் செம்மண் எட்டிப் பார்க்கும். ஆலையை விட்டுப் போகும் தண்ணீரின் கலங்கல் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டினால் மண்துகளுக்குப் பின்னால் கிருமி ஒளிந்துகொள்ளும். குளோரின் அதைத் தேடிப் பிடிக்காது.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். உதவியாளர் விடுப்பில் போயிருந்தார். மறுநாள் ஊரின் புனித ரோக்கு திருவிழா. நாலா பக்கமிருந்தும் கூட்டம் வரும். முந்தின மாலைதான் மலையில் மழை கொட்டித் தீர்த்திருந்தது.

ஆலை மேலாளர் யெரே காலையிலேயே வந்து நின்றார். சதுக்கத்தில் சாப்பாட்டுக்கடை நடத்தும் குடும்பத்துப் பிள்ளை.

"எண்ணு தெரியற வரைக்கும் சும்மா நிக்க முடியல அக்கா. ஏதாவது வேலை குடுங்க."

"இந்தக் கண்ணாடி ஜாடி எல்லாத்தையும் அலசி வை, போதும்" என்று சொல்லிவிட்டு, வெளியேறும் குழாயில் தண்ணீர் பிடித்துவரப் போனாள் பெரீனா. திரும்பி வந்தபோது மேசைமேல் ஜாடிகள் வைரமாய் மின்னின.

காய்ச்சி வடித்த தண்ணீரை நுண்வடிகட்டி வழியே இழுத்தாள். மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு, அந்த வடிகட்டியின் துளை அவ்வளவுதான். முதலில் இறங்கியதைக் கொட்டிவிட்டு, பிறகு வந்ததை ஜாடியில் பிடித்தாள். அதில் கொஞ்சத்தை வேறு ஜாடிக்கு மாற்றி, அளவுக்கென்றே வைத்திருந்த பால்போன்ற வெள்ளைக் கரைசலைத் துளியளவு கலந்து, 'இதுதான் ஒன்று' என்று கருவிக்குக் காட்டினாள். அதன்பிறகு குழாய்த் தண்ணீரை வைத்தாள். 0.91.

"தப்பிச்சோம்! மேயருக்குப் போன் போடட்டுமா?"

"இரு, இரு. நிக்க மாட்டேங்குது பார்."

0.88. 0.95. 0.90.

"நல்ல தண்ணி இப்படிக் கூத்தடிக்காது" என்றவள், வடிகட்டிய தண்ணீர் மீதியிருந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு சாமான் அறைக்குள் போய் விளக்கை அணைத்தாள். லேசர் விளக்கை ஜாடிக்குள் அடித்தாள். சிவப்புக் கோட்டுக்குள் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கி மிதந்தது.

"யெரே, இங்க வா! இது என்னது, நூல் மாதிரி? ஜாடிய எதை வச்சுத் துடைச்ச?"

"லினன் துணி. உள்ளவிட்டு நல்லாச் சுத்தினேன். ஈரத்தோட கிளாஸை விருந்தாளி முன்னாடி வச்சா எங்கப்பா காதைத் திருகிடுவாரு."

பெரீனாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இங்க துணியே ஆகாதுப்பா. வடிச்ச தண்ணியிலயே அலசிக் கவுத்து வைக்கணும், அவ்வளவுதான்."

யெரேவின் முகம் மலர்ந்தது. "அப்ப அந்தத் தூசி என்னோடதா? அதை எடுத்துட்டா எண்ணு இன்னும் குறையும்ல?"

பெரீனா சிரிப்பதை நிறுத்தினாள். "குறையாது. ஏறும். அந்தத் தண்ணியிலதானே அளவே கலக்கினேன்? ஒன்னுக்கு மேல கலங்கி இருந்ததைக் காட்டி, மிஷின்கிட்ட இதுதான் ஒன்னுன்னு சொல்லிட்டேன். இப்ப அது எதைப் பார்த்தாலும் குறைச்சுத்தான் சொல்லும்."

ஜாடிகளை வடித்த தண்ணீரால் திரும்பத் திரும்ப அலசினாள். வடிகட்டியை மாற்றினாள். புதிதாகப் பிடித்த தண்ணீரில் குமிழி வராதபடி பக்கவாட்டில் மெல்ல ஊற்றி அளவைக் கலந்தாள். பிறகு குழாய்த் தண்ணீர். இம்முறை எண் ஆடவில்லை. 1.09.

யெரே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "முதல்ல வந்ததையே போட்டுட்டா என்ன? நாளைக்கு அத்தனை சனம் அக்கா. நம்ம ஊர்ல ஒயின்ல தண்ணி ஊத்தாம எவன் குடிப்பான்?"

"ரோக்கு கொள்ளைநோய்க்காரங்களைக் காப்பாத்தின சாமி. அவர் திருவிழாவுல ஊருக்கே நாம பேதி குடுக்கவா?"

"மேயர் என்னைக் கொன்னுடுவாரு."

"துணி விஷயத்தைச் சொல்லு. சிரிச்சிட்டாவது கொல்லுவாரு."

யெரே தொலைபேசியை எடுத்தார். பெரீனா 1.09 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மதியச் செய்தியில் வானொலி அறிவிப்பைப் படித்தது: குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். இருட்டுவதற்குள் பக்கத்து நகரத்திலிருந்து இரண்டு தண்ணீர் லாரிகள் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தன.