மூன்றாம் முறை வந்த வேன்

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். ஐந்தடிகூட இல்லாத அந்த மெக்கானிக்குக் கடுகு என்று பெயர் வைத்தவர் யாரோ, ஆளையும் வாயையும் அளந்துதான் வைத்திருக்கிறார். பட்டறை அவருடைய அண்ணனுடையது. வாயால் செய்கிற வேலையை அண்ணன் பார்த்துக்கொள்வார்; கையால் செய்கிற வேலை முழுக்கக் கடுகு தலையில். இருபத்தாறு வருஷமாக அவர் கைபட்ட பிரேக் எதுவும் திரும்பி வந்ததில்லை. இதை நாளைக்கு நாலு பேரிடம் அவரே சொல்லுவார், யாரும் கேட்காவிட்டாலும்.

அதனால்தான் அவரே பிரேக் வேலை பார்த்து அனுப்பிய பள்ளிக்கூட வேன் பத்து நாளில் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தபோது அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் இரண்டு தடவையும் நடந்தது இதுதான். வேன்காரம்மா, "பெடல் பஞ்சு மாதிரி அமுங்குதுண்ணே" என்பார். கடுகு சீட்டில் ஏறி மடமடவென்று நாலு மிதி மிதிப்பார். பட்டறைக்காரர்களுக்கே உள்ள கெட்ட பழக்கம் அது. நாலு மிதி மிதித்தால் எந்தப் பெடலும் கல்லாகத்தான் நிற்கும். "நல்லாத்தானே நிக்குது?" என்று பேருக்கு ஒரு தடவை ஏர் எடுத்து, அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி, கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றி அனுப்பிவிடுவார். இரண்டாம் தடவை வாய் சும்மா இருக்கவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உன் காலுக்குப் பலம் பத்தலம்மா, போ" என்றும் சேர்த்துச் சொன்னார். அண்ணன் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

இந்த முறை வேன்காரம்மா கதவை அறைந்து சாத்தினார்.

"நேத்து முன்னாடி போன லாரி சட்டுனு நின்னுச்சு. மிதிச்சேன், பெடல் அடிவரைக்கும் போச்சு. ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினேன். ஒரு பிள்ளை முன் சீட்டுல மோதி உதட்டுல ரெண்டு தையல். பதினாலு பிள்ளைங்கண்ணே! மூணு மணிக்கு இதே வண்டியிலதான் ஏத்தியாகணும். வேற வண்டி இல்ல. இன்னிக்கும் என் காலைத்தான் குறை சொல்லப் போறீங்களா?"

கடுகு யார் மேலாவது பாய வேண்டியிருந்தது. கிடைத்தது அண்ணன்.

"கண்ட ஆயிலையும் வாங்கிக் குடுத்தா இப்படித்தான் ஆகும்!"

"இன்னொரு தடவை ஏர் எடுத்து அனுப்புடா. மணி ஒண்ணாச்சு."

"நீ வாயை மூடிக்கிட்டு உள்ள போ!" கையில் இருந்த ஸ்பேனர் சுவரில் போய் விழுந்தது.

பிறகு சீட்டில் ஏறி, வாழ்க்கையில் அபூர்வமாகச் செய்கிற ஒன்றைச் செய்தார். ஒரே ஒரு தடவை மிதித்தார், மெதுவாக. பெடல் தரையைத் தொடப் போய்க் கடைசியில் நின்றது. அழுத்தியபடியே பிடித்துப் பார்த்தார். அதற்கு மேல் இறங்கவில்லை. அப்படியென்றால் ஆயிலை அழுத்தித் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. இரண்டாம் மிதிக்கு மேலே வந்தது. உள்ளே காற்று இருக்கிறது, சந்தேகமே இல்லை. முன் சக்கரத்து ரப்பர் குழாய்கள் இரண்டையும் கிளாம்ப் போட்டு இறுக்கினார். பெடல் கல்லானது. காற்று முன்னால்தான். ஆனால் இரண்டு தடவை ஏர் எடுத்தும் போகாத காற்று எங்கே ஒளிந்திருக்கிறது?

சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். காற்று வெளியேற வேண்டிய நிப்பிள், சக்கரத்தைக் கவ்வி நிறுத்துகிற காலிப்பரின் தலையில் இருக்க வேண்டும். அது அடியில் இருந்தது. அடியில் இருந்தால் ஆயில் வரும்; காற்று உச்சியில் சொகுசாக உட்கார்ந்திருக்கும். இடது காலிப்பர் வலது பக்கம், வலது காலிப்பர் இடது பக்கம்.

பத்து நாளைக்கு முன் மாட்டியது அவரேதான். கழற்றும்போது சாக்பீஸால் 'இ', 'வ' என்று எழுதுவது அவர் வழக்கம். அன்றைக்கென்று அண்ணன் ஒரு வாடிக்கையாளரிடம், "இங்க எல்லாம் என் கைவேலைதான்" என்று சொன்னது காதில் விழுந்துவிட்டது. கடுகு வெடித்தார். ஒரு மணி நேரம் வாய் சண்டை போட்டது, கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. சாக்பீஸ் சட்டைப் பையிலேயே இருந்தது.

அண்ணன் குனிந்து பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "சத்தம் போடாம மாத்தி மாட்டிடு. ஆயில் மட்டமான சரக்குனு சொல்லிக்கலாம்" என்றார்.

இரண்டு தையல். கடுகுக்கு அந்தப் பிள்ளையின் முகம்கூடத் தெரியாது. கோபம் இந்தத் தடவை போக்கிடம் இல்லாமல் அவர் மேலேயே விழுந்தது, தாங்க முடியவில்லை.

"ஆயில் இல்ல! என் தப்பு!" பட்டறை அதிரக் கத்தினார். "மாத்தி மாட்டினது நான்! மூணு தடவை வந்து சொல்லுது அந்தம்மா, காதுல வாங்காதவன் நான்!" எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாத மனுஷர், இதையும் திட்டுவது போலத்தான் சொன்னார். வேன்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

காலிப்பர்கள் இடம் மாறின. அண்ணன் சீட்டில் உட்கார, கடுகு கீழே இருந்து கத்தினார். "அமுக்கு! புடி! நான் சொல்ற வரைக்கும் விடாதே!" நிப்பிளைத் திறந்ததும் குழாய் வழியே குமிழ் குமிழாகக் காற்று வந்தது. அது வர வர, கடுகு அதைத் திட்டிக்கொண்டே இருந்தார். குமிழ் நின்ற பிறகும் ஐந்து தடவை எடுத்தார். பிறகு யாரும் மிதிக்கக் கூடாது என்று எல்லாரையும் விரட்டிவிட்டு, சாவியை வேன்காரம்மாவிடம் நீட்டினார்.

"நீயே மிதி. ஒரே தடவைதான்."

வேன்காரம்மா வண்டியைத் தெருக்கோடி வரை கொண்டுபோய், திரும்பி வேகமாக வந்து, பட்டறை வாசலில் ஒரே மிதியில் நிறுத்தினார். வண்டி ஆணி அடித்து வைத்தாற்போல் நின்றது. அவர் இறங்கவில்லை, சிரிக்கவும் இல்லை. மணி இரண்டே முக்கால். கண்ணாடியை இறக்கிக் கடுகின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பாருங்கண்ணே, என் காலுக்குப் பலம் வந்துடுச்சு."